ஓடை வளைவிலிருந்து மூன்று சங்கிலி

வெள்ளிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு பிரிட்ஜ்வாட்டர் வீட்டிலிருந்து காரை எடுத்தேன். 206ஆம் சாலையில் தெற்கே சுமார் முப்பது மைல் போனால் டிரென்டன். நியூ ஜெர்சி வருகிற நம்மவர்கள் கோயிலுக்குப் போவார்கள், நியூயார்க் போவார்கள். மாநிலத் தலைநகரை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நான் போனது எங்கள் வீட்டின் தாய்ப்பத்திரத்தைத் தேடி.

கோபிசெட்டிபாளையத்துக்காரன் எங்கே வீடு வாங்கினாலும் புத்தி பத்திரத்தில்தான் நிற்கும். வங்கி சரி என்றால் இங்கே எல்லோருக்கும் போதும். எனக்குப் போதவில்லை. கவுன்ட்டி ஆபீஸில் ஒவ்வொரு பத்திரமாகப் பின்னோக்கிப் போய், ஆங்கிலேயர் ஆண்ட காலத்தின் வாசலில் வந்து நின்றுவிட்டேன். அதற்கு முந்தைய நில அளவைகளும் கோர்ட் ஏடுகளும் டிரென்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

இந்த முறை அவசரமும் இருந்தது. எங்கள் தோட்டத்தின் கோடியில், முழங்கால் உயரத்தில், எட்டுக் கற்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. திங்கட்கிழமை ஆள் வந்து அவற்றைப் பிடுங்கிவிட்டுத் தளம் போடுவதாக ஏற்பாடு. ஜூன் மாதம் மகளின் கிராஜுவேஷன் பார்ட்டி அங்கேதான். என் மனைவி சுகந்திக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை.

"எல்லைக்கல்லா இருந்தா வம்புங்க. செக் பண்ணிட்டு அப்புறம் கை வைங்க."

"எல்லைக்கல்ல நாலடிக்கு ஒண்ணு நடுவாங்களா? பழைய வேலிக்கல்லுதான். பேப்பரோட வந்து ப்ரூவ் பண்றேன் பாரு" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன்.

பத்து மணிக்கு உள்ளே போனேன். ஏடுகளில் மை படக்கூடாது என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டு பென்சில் கொடுத்தார்கள். காப்பகத்தில் வேலை செய்யும் கறுப்பினப் பெண்மணி ஒருவர், என் வயதிருக்கும், நான் கேட்ட அளவைப் புத்தகத்தின் மைக்ரோஃபிலிம் சுருளைக் கருவியில் மாட்டிக் கொடுத்தார். கொக்கி கொக்கியான கையெழுத்து. ஆனால் கணக்கு எனக்குப் பழகியதுதான்: அறுபத்தாறடிச் சங்கிலி, அதில் நூறு லிங்க். கோபியில் எங்கள் வயலை அளந்த வெள்ளைக்காரனும் இதே சங்கிலியைத்தான் இழுத்திருக்கிறான். அந்தப் பெண்மணிக்கு இதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன்.

பதினொன்றரைக்கு எங்கள் நிலம் கிடைத்தது. ஓடை வளையும் இடத்தில் தொடங்குகிறது அளவை. அந்த ஓடை இன்றும் வீட்டுக்குப் பின்னால் அப்படியேதான் வளைகிறது. அங்கிருந்து வடக்கே மூன்று சங்கிலி, இருபது லிங்க். இருநூற்றுப் பதினோரு அடி. ஓடையிலிருந்து கற்கள்வரை போன வாரம்தான் டேப் பிடித்திருந்தேன், ஓரடி வித்தியாசம். அந்த இடத்தில் சர்வேயர் எழுதியிருந்தார்: 'நீக்ரோக்களின் இடுகாடு வரை.'

நான் மூன்று முறை படித்தேன். பிறகு அந்தப் பெண்மணியைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து படித்தார். உள்ளே போய், இன்னொரு சுருளோடு வந்தார். அந்த நிலத்துக்காக அண்ணன் தம்பி இருவர் நடத்திய வழக்கு. அவர்களுடைய அப்பாவின் சொத்துப் பட்டியலில் இரண்டு மாடு, ஒரு கலப்பை, நடுவில் 'டைனா என்கிற பெண், அவள் குழந்தை'. குழந்தைக்குப் பெயர் எழுதவில்லை.

"திங்கட்கிழமை அங்கே என்ன நடக்கப்போகிறது?" என்று கேட்டார். அவரிடம் எல்லாவற்றையும்தான் உளறியிருந்தேனே.

"ஒன்றும் நடக்காது" என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்தப் பக்கங்களின் நகலை வாங்கிக்கொண்டு ஒரு மணிக்குக் கிளம்பினேன். பிரின்ஸ்டன் நெரிசலில் நிற்கும்போது இன்னொரு நில அளவை நினைவுக்கு வந்தது. கோபியில் எங்கள் வயலின் புலப்படம். கிழக்கு மூலையில் ஒரு சிறு சதுரம், 'இடுகாடு' என்று எழுதியிருக்கும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துச் சேரி ஜனங்களுடையது. அப்பா அதையும் சேர்த்து உழுதார். கல்லூரியில் படிக்கும்போதே அந்தப் படத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டவன் நான். வாயைத் திறந்ததில்லை. இப்போது அந்த மூலையில் என் தம்பி மஞ்சள் போடுகிறான்.

வீட்டுக்கு வந்து நகலை சுகந்தியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, தளம் போடுகிறவருக்கு அவளே போன் செய்து வேண்டாம் என்றாள். மாலையில் மகள் தோட்டத்துக்குப் போய்க் கற்களின் அருகே கொஞ்ச நேரம் நின்றாள். "பார்ட்டி இன்டோர்ஸே ஓகேப்பா" என்றாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கோபியில் மாலையாக இருக்கும்போது, தம்பியைக் கூப்பிட்டேன். மஞ்சள் எடுத்ததும் கிழக்கு மூலையை விட்டுவிடு, சேரியில் பேசி அளந்து கொடுத்துவிடலாம் என்றேன்.

"ஏண்ணா, அப்பா காலத்துல இருந்து நாமதான உழுதுட்டு இருக்கறோம். இத்தன வருசத்துல ஆராச்சும் வந்து கேட்டாங்களா?"

"கேக்கலடா. அவங்க வந்து கேக்கற மாதிரியா நாம இருந்தோம்?" என்றேன்.