ஹீட்டரைப் படுக்கவைத்த காளிமுத்து அண்ணன்

ஜெகதாப்பட்டினம் ஏலக்கூடத்தில் நண்டுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தபோது வள்ளிமயில் மதினியிடமிருந்து போன் வந்தது. "ஒங்க அண்ணன் போயிட்டாரு, வாங்க தம்பி" என்றார். காளிமுத்து அண்ணன் தூக்கத்திலேயே இறந்திருந்தார். ஊரையே அடித்த மனிதருக்கு இப்படி ஒரு சாவா என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் அழுகை வந்தது.

அவரிடம் அடி வாங்கியவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஏலக்கூடத்தில் வாங்காதவர்கள் குறைவு. தராசில் கைவைத்த வியாபாரி ஒருவரை ஐஸ் பெட்டிக்குள் தலைகுப்புறத் தள்ளி, மூடிமேல் ஏறி உட்கார்ந்தவர் அவர். நாங்கள் சேர்ந்து இழுத்துத்தான் அந்த ஆளைப் பிழைக்கவைத்தோம். ஏன் அண்ணே என்று கேட்டால், "பேசுனா நேரமாகும்ல" என்பார்.

திருச்சியில் வாழ்க்கைப்பட்ட அவர் மகள் ஃப்ளவர்ஹார்ன் என்ற வளர்ப்பு மீன் ஒன்றைத் தொட்டியோடு கொண்டுவந்து கொடுத்தாள். நெற்றி புடைத்த முரட்டு மீன். கூட விட்ட மீன்களையெல்லாம் குதறிப்போட்டது. "இது நம்ம ஆளு" என்று அண்ணன் பூரித்துப்போனார். கோடையில் அது வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது. மீன் கெடாமலிருக்க நாம் என்ன செய்வோமோ அதையே அவரும் செய்தார்: ஐஸை உடைத்துத் தொட்டியில் கொட்டினார். மீன் வெளிறிப்போய் ஒருக்களித்துச் சாய்ந்துவிட்டது.

வளர்ப்பு மீன் விற்கும் புதுக்கோட்டைக் கடைக்காரர், தொட்டித் தண்ணீரை வெதுவெதுப்பாக வைக்க ஒரு ஹீட்டரைக் கொடுத்தார். பின்பக்கக் கண்ணாடியை ஒட்டி, மோட்டார் தண்ணீரைத் தள்ளும் இடத்தில், அடியில் படுக்கவைத்து, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாயால் மூடச் சொன்னாராம். அண்ணன் யார் பேச்சைக் கேட்டார்? சிவப்பு விளக்கு எரிவது தன் கண்ணில் படவேண்டுமென்று முன்பக்கம் நட்டநடுவில் நிறுத்திவைத்தார். மீன் தேறியது. தேறிய கையோடு ஹீட்டரைப் பகையாளியாகப் பார்த்தது.

ஒரு சாயங்காலம் நான் அங்கே இருந்தேன். அண்ணன் ஸ்விட்சை அணைக்காமலே பாசி துடைக்கக் கையை விட்டிருந்தார். மீன் பாய்ந்து முட்டியதில் ஹீட்டர் உடைந்தது. கரண்ட் அவரைத் தூக்கிச் சுவரில் அடித்தது. மதினி துடைப்பக்கட்டையால் பிளக்கைத் தட்டிவிட்டார். எழுந்த அண்ணன் ஐஸ் உடைக்கும் கம்பியோடு தொட்டியை நோக்கிப் பாய்ந்தார். மறித்த எனக்கு முழங்கையால் ஒரு இடி. முன்பல் ஒன்று போய்விட்டது. வாயெல்லாம் ரத்தம்.

மதினி தொட்டிக்கு முன்னால் போய் நின்றார். குரலை உயர்த்தவே இல்லை.

"அடிக்கிற மீனுக்கு முன்னாடி ஹீட்டரக் கொண்டுபோயி நட்டது நீங்க. அது மேல என்ன குத்தம்? நானும் இத்தன வருசமா ஒங்க முன்னாடிதான் நிக்கிறேன். என்னைய யாரு அங்கிட்டு எடுத்து வச்சா?"

மதினியின் புருவத்தில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு உண்டு. அது எப்படி வந்தது என்பது தெருவுக்கே தெரியும். அண்ணன் அதைப் பார்த்தார். கம்பியைக் கீழே போட்டுவிட்டார்.

மறுநாள் புது ஹீட்டர் வந்தது, கடைக்காரர் சொன்ன இடத்தில் ஓட்டைக் குழாய்க்குள் படுத்தது. அதன்பின் வீட்டில் கோபம் தலைக்கேறினால் அண்ணன் செருப்பைக்கூடத் தேடாமல் துறைமுகத்துக்கு நடந்துவிடுவார். பாக்கி அடி ஏலக்கூடத்தில் எங்களுக்குத்தான் விழும். வாங்கியவர்கள் காரணத்தை இன்றாவது தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் அவர் கை தன்மேல் படவில்லை என்று மதினியே சாவு வீட்டில் சொன்னார். மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை.

கருமாதி முடிந்ததும் தொட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். "அது முட்டுற சத்தம் எனக்கு வேணாம் தம்பி."

இப்போது அது என் வீட்டில் இருக்கிறது. தினமும் காலையில் மீன் அந்தக் குழாயை முட்டுகிறது. என் நாக்கு தானாகப் பல் போன இடத்துக்குப் போகிறது. அண்ணன் விட்டுப்போனவற்றில் இவை இரண்டும்தான் என்னிடம் மிச்சம். குழாய்க்குள் ஹீட்டர் உடையாமல் கிடக்கிறது.