கண்ணாடியை ஏற்றும் எட்மண்ட்

புக்கிட் தீமா சாலையில் பின்னிருக்கைக்காரர் வாயைத் திறந்தால் போதும், எட்மண்டின் வலது கை கதவிலிருக்கும் கைப்பிடிக்குப் போய்விடும். நான்கு சுற்று. கண்ணாடி மேலே ஏறிவிடும். "காத்து பேச்ச அள்ளிட்டுப் போயிடுது, அதான்," என்பார். பிறகு கியரைக் குறைப்பார். நண்பகல் வெயிலில் அந்தக் கறுப்பு மோரிஸ் டாக்சி அடுப்பில் வைத்த பானையாகிவிடும். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போகும். அவர் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்தபடி, கண்ணைச் சாலையிலும் காதை முதுகுக்குப் பின்னாலும் வைத்திருப்பார்.

ஐம்பதை நெருங்கும் வயது. குள்ளமான உருவம், துவைத்துத் துவைத்துப் பழுத்த வெள்ளைச் சட்டை, பையில் ஒரு சீப்பு. சவாரி இல்லாத நேரங்களில் தேக்கா சந்தைக்கு எதிரே அஹமது கபீரின் தேநீர்க் கடையில் இருப்பார். கோப்பை வந்ததும் அதன்மேல் கட்டைவிரலால் சின்னதாக ஒரு சிலுவை போடுவார், பிறகுதான் குடிப்பார். அவருடைய அம்மா கஞ்சிச் சட்டியின்மேல் போட்ட சிலுவை அது. பிள்ளைகள் இருவருக்கும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

"என் டீ மேல அவ்வளவு பயமா அண்ணே?" என்று கபீர் கேட்பார். கடைக்கு வருகிறவர்களை எச்சரிக்கவும் செய்வார்: "பிரசவத்துக்கு மட்டும் இவரு வண்டியில ஏறிடாதீங்க லா. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள பிள்ளை நடக்க ஆரம்பிச்சிடும்."

எட்மண்ட் சிரிப்பார். பஃபலோ ரோட்டில் அவர் தங்கியிருக்கும் அறையில் நான்கு பேர். நால்வருக்கும் வேலை நேரம் வேறு வேறு. ஒருவர் முகத்தை மற்றவர் பெரும்பாலும் தூங்கும் முகமாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

அவரைப் பிறர் பேச்சை நன்றாகக் கேட்பவர் என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும். அது சரியல்ல. மகன் பேச்சு வார்த்தையில்லாமல் போனது, மருமகள் நகையை எடுத்துக்கொண்டது, கடையைப் பங்காளி பிடுங்கிக்கொண்டது என்று பயணிகள் சொல்லும் எல்லாவற்றுக்கும் "அப்படியா" என்பார். அந்தத் துயரங்கள் மைல் கற்களைப்போல அவரைக் கடந்து போகும். அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஜப்பான்காரன் காலத்துல எந்தப் பக்கம் இருந்தீங்க?" அந்தக் கேள்விக்கு வரும் பதிலில்தான் அவர் உயிர் இருந்தது.

அவருடைய தம்பி அலெக்சாண்டர் குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவன். நாற்பத்து மூன்றில், சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. சண்டை முடிந்ததும் எட்மண்ட், திரும்பி வந்தவர்களையெல்லாம் தேடிப்போய், தம்பியின் பெயரைச் சொல்லி விசாரித்தார். ஒருவர் அவனைச் சயாமின் காஞ்சனபுரியில் பார்த்தேன் என்றார். இன்னொருவர் ஈப்போவில் கடை வைத்திருக்கிறான் என்றார். மூன்றாமவர் என் கையால் புதைத்தேன் என்று அழுதார். மூவருமே அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசியவர்கள்.

அதோடு விசாரிப்பதை விட்டுவிட்டார். தான் கொடுத்த பெயர் தன்னிடமே திரும்பி வந்தால் அது செய்தி அல்ல, இரக்கம். அந்தப் பெயர் கேட்காமலே வர வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் வாயிலிருந்து தானாக விழ வேண்டும். கிடங்கு வேலையை விட்டு அவர் டாக்சி ஓட்ட வந்தது இதற்காகத்தான். கபீருக்குக்கூட இது தெரியாது. தம்பி ஒருவன் இருந்தான் என்பதே தெரியாது.

போன மே மாதம் ஒரு பிற்பகல் வடிவேலு என்ற பெரியவர் உட்லண்ட்ஸ் போக வேண்டுமென்று ஏறினார். பாலத்தைக் கடந்து ஜொகூரில் மகள் வீட்டுக்குப் போகிறவர். மடியில் பேரனுக்கு வாங்கிய மரக்குதிரை. வழியெல்லாம் அவர் பேசவில்லை. எட்மண்டும் கண்ணாடியைத் தொடவில்லை. கிராஞ்சி பக்கம் ரயில் கேட் மூடியிருந்தது. நீண்ட சரக்கு ரயில் ஒன்று தடதடத்துக் கடந்தது.

"இந்தச் சத்தம் கேட்டாலே எனக்குத் தோள் வலிக்கும் தம்பி," என்றார் வடிவேலு. "சயாம்ல இதுக்குக் கட்டை சுமந்தவன் நான்."

கேட் திறந்தது. எட்மண்ட் கண்ணாடியை ஏற்றினார். வண்டி ஊர்ந்தது. வடிவேலு மழையைப் பற்றிச் சொன்னார், காலராவைப் பற்றிச் சொன்னார், மூங்கில் கொட்டகையில் ஈரத் தரையில் வரிசையாகப் படுத்ததைச் சொன்னார். சைக்கிளில் போன ஒரு சீனர் அவர்களை முந்திக்கொண்டு, திரும்பி ஒரு முறை பார்த்துவிட்டுப் போனார்.

"என் பக்கத்துல ஒரு பையன் படுத்திருந்தான். வாயாடிப் பய. தகர டப்பாவுல கஞ்சி ஊத்துவாங்க, ரெண்டு பருக்கை கெடக்கும். அதுக்கும் மேல கட்டைவிரலால சிலுவை போடாம வாய வைக்கமாட்டான். இந்தத் தண்ணிக்கு எதுக்குடா சாமின்னு நாங்க கேலி பண்ணுவோம்."

எட்மண்டின் துண்டு நழுவி மடியில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. "எந்தத் தோட்டத்துப் பையன்?" என்று மட்டும் கேட்டார்.

"குளுவாங் பக்கம். ரெண்டாவது மழைல அவனுக்கு..." பெரியவர் நிறுத்தினார். "அத அப்புறம் சொல்றேன். மொதல்ல பேரு. நல்ல ராசா பேரு தம்பி அது. நாக்கு நுனியில நிக்குது. இருங்க, வந்துடும்."

பின்னால் பார்க்கும் சின்னக் கண்ணாடியில் பெரியவரின் முகம் தெரிந்தது. கண்களை மூடி, மரக்குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நெற்றியைத் தட்டிக்கொண்டிருந்தார். சாலை காலியாக இருந்தது. தூரத்தில் பாலம் தெரிந்தது. யாரும் கேட்டு வாங்காத பெயர், பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, எட்மண்டின் முதுகுக்கு இரண்டடி பின்னால் இருந்தது. பெயருக்குப் பின்னால் அந்த இரண்டாவது மழையும் இருந்தது. பெரியவரின் உதடுகள் பிரிந்தன.

எட்மண்டின் கால் ஆக்சிலேட்டரை அழுத்தியது. மோரிஸ் ஒரு முறை உதறிக்கொண்டு பாய்ந்தது. அவருடைய வலது கை கதவின் கைப்பிடிக்குப் போய், மறுபக்கமாக, நான்கு சுற்றுச் சுற்றியது. கடற்காற்று இரைந்துகொண்டு உள்ளே புகுந்து, பெரியவரின் பேச்சை அள்ளிக்கொண்டு போனது.