அடிக்கு அப்புறம் ஒரு பாட்டு

சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தால் சாயங்காலம் சீரியல் பார்ப்பாள். அறுபது வயதாகிறது, முழங்கால் வலி, உட்கார்ந்தால் எழுந்திருப்பது பெரும்பாடு. சீரியலில் வாரத்துக்கு ஒரு தடவையாவது ஒரு புருஷன் பெண்டாட்டியைக் கன்னத்தில் அறைந்துவிடுவான். ஒரே அறையை மூன்று பக்கத்திலிருந்து காட்டுவார்கள், மூன்று முறை இடி இடிக்கும். அப்போது சித்தி, "சத்தத்தைக் கொஞ்சம் கொறச்சு வை கண்ணு" என்பாள். நிறுத்தச் சொல்ல மாட்டாள். நானும் குறைத்து வைப்பேன். இத்தனை வருஷமாகியும் இவர்களுக்கு வேறு காட்சி கிடைக்கவில்லையே என்று ஓர் அலுப்பு வரும். அதோடு சரி.

எனக்கு இந்த அறை முதலில் காது வழியாகத்தான் அறிமுகமானது. அம்மா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வந்த பனியன்களை மேசையில் விரித்து, ஓட்டையும் கறையும் இருக்கிறதா என்று பார்த்து, தொங்குகிற நூல் பிசிறுகளைச் சின்னக் கத்தரியால் வெட்டுகிற வேலை. பள்ளிக்கூட லீவில் என்னையும் கூட்டிப்போய் மேசைக்கு அடியில் உட்கார வைத்துவிடுவாள். கட்டிங் மாஸ்டரிடம் ஒரு டேப்ரிக்கார்டர் இருந்தது. அந்தக் காலத்தில் பாட்டுக் கேசட்டைப் போலவே படங்களின் கதை வசனக் கேசட்டும் விற்றார்கள். முழுப்படத்தையும் காதாலேயே பார்த்துவிடலாம். மாஸ்டரிடம் இருந்தது ஒரே ஒரு படம். அதனால் எங்களுக்கும் ஒரே ஒரு படம்.

பண்ணையார் மகள், திமிர் பிடித்தவள், எப்படியோ ஒரு ஏழை வண்டிக்காரனுக்கு வாழ்க்கைப்படுகிறாள். அவனுடைய தாயாரை எடுத்தெறிந்து பேசுகிறாள். பளார்! கொஞ்ச நேரம் டேப்பில் வெறும் இரைச்சல். அப்புறம் வயலின்கள் கிளம்பும், மழை கொட்டும், இருவரும் சேர்ந்து பாடுவார்கள். படத்திலேயே நல்ல பாட்டு அதுதான். கடைசியில் அவள் அவன் காலில் விழுவாள். காலில் விழுவதற்குச் சத்தம் கிடையாது என்பதால் மாஸ்டர் துணி வெட்டுவதை நிறுத்திவிட்டு, "இப்ப கால்ல உழுகறா" என்று அறிவிப்பார். செக்கிங் பெண்கள் வேஸ்ட் துணியில் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். "ரெண்டு போட்டாத்தானுங்க அடங்குறாளுக" என்பார் அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்கிற அக்கா. அவர் புருஷனை விட்டுவிட்டு வந்து பல வருஷமாகியிருந்தது.

கல்யாணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கேசட்தான். அடி விழுந்தால் அடுத்தது பாட்டு.

அப்படியொரு முழுப்பரீட்சை லீவில்தான் சித்தி ஒரு மஞ்சப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அம்மாவின் ஒரே தங்கச்சி. காங்கேயத்துக்குப் பக்கத்தில் தேங்காய் உலர்த்தும் களம் வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். உதடு வீங்கியிருந்தது. தொட்டியடியில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னாள். அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. மறுநாள் சித்தப்பா அடித்ததாகச் சொன்னாள். அதற்கும் அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை.

லைன் வீட்டில் எங்களுக்கு ஒன்றரை அறை. அம்மா சித்தியைக் கம்பெனிக்குக் கூட்டிப்போனாள். சித்தியின் கத்தரி அம்மாவின் கத்தரியைவிட வேகமாக ஓடியது. மாஸ்டரே நின்று பார்த்துவிட்டு, இந்தம்மாவை நிரந்தரமாகப் போட்டுக்கொள்ளலாம் என்றார். சித்தி முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். டேப்பில் அறை விழுந்தபோது மட்டும் அவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் அவளுக்குத் தாகம் எடுத்தது.

"மாமா, நான் இங்கயே வேலைக்குப் போய்ட்டு இருந்துக்கறனுங்க. உங்களுக்குப் பாரமா இருக்க மாட்டனுங்க" என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்போதுதான் ஓவர்டைம் முடிந்து வந்து சுவரில் சாய்ந்திருந்தாள். "எனக்கு அலுப்பா இருக்குது அம்மிணி. நாளைக்குப் பேசிக்கலாம்" என்றாள். எங்கள் வீட்டில் கெட்டவர்கள் யாரும் இல்லை. எல்லோரும் களைத்துப் போயிருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ‘நாளைக்கு’ வருவதற்குள் சித்தப்பா வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கையில் ஆரஞ்சுப் பழம். எங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய விஷயத்தையும் மரியாதையாகத்தான் பேசுவார்கள். "கோவத்துல கை நீட்டிட்டனுங்கண்ணா. இனிமே அப்படி நடக்காதுங்க" என்றார். அப்பா, "காப்பி சாப்பிடுங்க" என்றார். பஞ்சாயத்து முடிந்தது.

சித்தி சமையல் மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள். அம்மா அவளிடம் தணிந்த குரலில், "பாப்பாவையும் கூட்டிக்கிட்டுப் போ. புள்ள ஊட்டுல இருந்தா அவரு கொஞ்சம் அடக்கமா இருப்பாரு" என்றாள். என் காதிலும் விழுந்தது. என் அடக்கத்தைப் பார்த்துச் சித்தப்பாவும் கற்றுக்கொள்வார் என்று புரிந்துகொண்டேன். வகுப்பில் நான் நல்ல பிள்ளை என்று பெயரெடுத்திருந்தேன்.

அங்கே போனதும் சித்தப்பா என்னைத் தாங்கோ தாங்கென்று தாங்கினார். பாதியாக உடைத்து வெயிலில் பரப்பிய தேங்காய்களுக்கு நடுவே காக்காய் விரட்டுவது என் உத்தியோகம். சம்பளம் ஒரு சேமியா ஐஸ். ராத்திரி சித்தி என்னை நடுவில் படுக்க வைத்துக்கொள்வாள். ஒரு நாள் களத்தில் தேங்காய் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது, ரொம்ப நாளாக இருந்த சந்தேகத்தைக் கேட்டுவிட்டேன்.

"சித்தி, அன்னைக்கு அடிச்சதுக்கு அப்புறம் சித்தப்பா பாட்டுப் பாடுனாருங்களா?"

சித்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். "இல்ல கண்ணு. சோத்தைப் போடுன்னாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

அந்த வாரம் காங்கேயத்தில் ஒரு கொட்டகையில் எங்கள் படமே மறுபடியும் வந்தது. நான் வசனம் வசனமாக ஒப்பித்ததைக் கேட்டு, சித்தப்பா மேட்னி ஷோவுக்கு எங்களைக் கூட்டிப்போனார். காதால் மட்டும் தெரிந்தவர்களை முதல்முதலாகக் கண்ணால் பார்த்தேன். வண்டிக்காரன் நான் நினைத்ததைவிடக் குண்டாக இருந்தான். ஒவ்வொரு வசனத்தையும் திரையில் பேசுவதற்கு முன்பே நான் பேசினேன். முன் வரிசைக்காரர் திரும்பி முறைத்தார். அறை நெருங்கியது. எத்தனை நாள் கேட்ட அறை! நான் சீட்டின் நுனிக்கு வந்தேன்.

சித்தியின் உள்ளங்கை என் கண்களை மூடியது. தேங்காயெண்ணெய் வாசம். நான் பிடித்துத் தள்ளினேன், கை அசையவில்லை. பளார் என்றது, கொட்டகை முழுக்க விசில் பறந்தது. கையை எடுத்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது, பாட்டு தொடங்கிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுபடியும் கேட்கத்தான் முடிந்தது.

படத்தின் கடைசியில் பண்ணையார் மகள் காலில் விழுந்தபோது இன்னொரு ஆள் அழுதார். சித்தப்பா. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினார். ஆம்பிளை அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இவ்வளவு இளகிய மனசுக்காரரைப் போய் நம் வீட்டில் தப்பாக நினைத்துவிட்டார்களே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. சித்தி திரையையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. செருப்பைத் தேடிக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடம் திறக்கிறது என்று அப்பா என்னைக் கூப்பிட வந்தார். சித்தி எனக்குத் தலை பின்னினாள். கோணல் என்று அவிழ்த்து மறுபடி பின்னினாள். அதையும் அவிழ்த்தாள்.

"மாமா, இன்னொரு வாரம் இருக்கட்டுமுங்க."

"பாடம் போயிருமே அம்மிணி."

"ரெண்டு நாளாச்சும் இருக்கட்டுமுங்க மாமா."

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் சித்தி ஜன்னல் கம்பியோடு சேர்த்து என் விரல்களையும் பிடித்திருந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. விசில் ஊதிய பிறகும் கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "சித்திக்கு என்னைய உட மனசே இல்லீங்கப்பா. எம்மேல அவ்வளவு பாசமுங்க" என்றேன். அப்பா திருப்பூர் வரும்வரை கண்ணை மூடிக்கொண்டே வந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

அம்மா கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். "சித்தப்பா எப்படி இருந்தாருடா கண்ணு?" என்றாள்.

"ரொம்ப நல்லவருங்கம்மா. படம் பாத்து அழுதாருங்க."

அம்மா நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பக்கத்து அக்கா, "அப்புறமென்னங்க, எல்லாஞ் செரியாயிருச்சு" என்றார். கத்தரிகள் மறுபடி ஓட ஆரம்பித்தன.

அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவுக்கும் சித்தி என்னை அனுப்பச் சொல்லி ஆள் விட்டாள். நானும் போனேன். நான் இருந்த நாட்களிலெல்லாம் சித்தப்பா நல்லவராகவே இருந்தார். அவ்வளவு நல்லவர் வீட்டிலிருந்து நான் கிளம்பும்போதெல்லாம் சித்தி எதற்கு அப்படி அழுகிறாள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.