இரண்டு பேர் வாசித்த கிடார்

தேவா தாத்தா இறந்த செய்தியை நம் தேவாலயப் பாடகர் குழுவின் வாட்ஸப்பில் முதலில் போட்டவன் பக்கத்து வீட்டுக்காரனான நான்தான். பதிலுக்குச் சிரிப்புப் படங்கள் வந்தன. "ஏலே, விளையாடுததுக்கு ஒரு அளவில்லையா?" என்று ஸ்டெல்லா அக்கா திட்டினாள். நான் அவிழ்த்துவிட்ட பழைய புளுகுகளுக்கு அது நியாயமான கூலி. குழுவில் நீங்கள் யாரும் நம்பாதவரை அவர் உயிரோடு இருப்பதுபோல எனக்கும் இருந்தது.

மீசை முளைக்குமுன் பாளையங்கோட்டையிலிருந்து கல்கத்தாவுக்கு ரயிலேறி, ஹோட்டல் ஜாஸ் குழுவில் கிடார் வாசித்தவர். நம் பக்கத்திலிருந்து அப்படிப் போன முதல் ஆட்களில் ஒருவர். ஹோட்டல் குழுக்கள் கலைந்தபின் ஊர் திரும்பி, கல்யாண வரவேற்புகளில் வாசித்தார். கோயிலில் கையை அடக்கித்தான் வாசிப்பார். ஆனாலும் கீர்த்தனையின் கடைசி வரியில் கல்கத்தா எட்டிப்பார்க்கும். ஆராதனை நடத்தும் ஐயர் தொண்டையைச் செருமுவார்.

கிறிஸ்துமஸ் கேரல் ஒத்திகையில் ஒருநாள் அவர் கிடாரின் ஒரு கம்பியைத் தளர்த்திவைத்தேன். அவர் நிறுத்தவே இல்லை. அந்தப் பிசகையும் சேர்த்துக்கொண்டு பாட்டை முடித்தார். "எவம்லே இறக்குனது? நல்லாத்தான் இருக்கு, அப்படியே கிடக்கட்டும்" என்றார்.

போன மழைக்காலத்தில் இடது கை விழுந்துவிட்டது. "பக்கவாத்தியக்காரனுக்குப் பக்கவாதம். பொருத்தந்தாம்லே" என்று அவரே சிரித்தார். எனக்கு இந்தச் சிலேடை தோன்றவில்லையே என்று பொறாமைப்படக்கூட முடியவில்லை.

கல்கத்தாவில் அவரே உண்டாக்கிய மெட்டு ஒன்று இருந்தது. பெயர் கிடையாது, வேறு யாருக்கும் தெரியாது. "ஒரு தடவ முழுசா வாசிச்சிட்டுப் போயிரணும்லே" என்றார். கட்டிலில் ஒட்டி உட்கார்ந்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் இடது கையால் கம்பிகளை அழுத்திக் கார்டு பிடிப்பேன், அவர் வலது கையால் மீட்டுவார்.

"ஏலே, பைய. பஸ்ஸையா பிடிக்கப் போற?"

"நீங்கதான் தாத்தா பஸ்ஸ நிறுத்தாமப் போறீய."

போனில் பதிவு பண்ணவா என்று பலமுறை கேட்டேன். "மொதல்ல சரியா வரட்டும்" என்பார்.

ஒரு சாயங்காலம் சரியாக வந்தது. கம்பி அதிர்ந்து அடங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குப் பதிவு பண்ணிருவோம்" என்றார். விடியும்போது அவர் இல்லை.

அடக்க ஆராதனை முடிந்து வந்து கிடாரை மடியில் வைத்தேன். என் இடது கை ஒவ்வொரு கார்டாகப் பிடித்துக்கொண்டே போனது, ஒன்றுகூடத் தப்பவில்லை. எந்தக் கம்பியை எப்போது தொட வேண்டும் என்பது வலது கையின் வேலை. அது எனக்குத் தெரியாது.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது, அந்த மெட்டின் சத்தம் வராத பாதி.