கோடி போட்ட தம்பி கேட்காத கேள்வி

பச்சையம்மாள் வீட்டுக்கு ஒரே பெண். கூடப்பிறந்தது யாருமில்லை. ஆனாலும் அவளுக்கு ஒரு தம்பி உண்டு என்றுதான் ஊரில் சொல்வார்கள். சித்தப்பா மகன் அன்பரசன். அவன் பிறந்த வருஷம் சித்தி ராணியம்மாளுக்கு விஷக்காய்ச்சல் வந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். பிள்ளைக்குக் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சி, வடிகட்டி, இடுப்பிலேயே சுமந்து ஆளாக்கியவள் பச்சையம்மாள். அப்போது அவளே பாவாடை கட்டுகிற வயசு. பின்னால் அவன் பள்ளிக்கூடம் போனது, கொடி பிடித்தது, ஒன்றியத்தில் ஜெயித்தது, கடைசியில் எம்.எல்.ஏ. ஆகிக் கோட்டைக்கே போனது, எல்லாவற்றையும் தான் பெற்ற பிள்ளைக்கு நடந்தது மாதிரிதான் பார்த்தாள்.

அவளைக் கட்டிக்கொண்டவன் கண்ணாயிரம். போளூர் பக்கத்துக் குடியானவன். கிணறு தூர்ந்துபோனதும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பெண்டாட்டியோடு திருவண்ணாமலைக்கு வந்து வேங்கிக்காலில் வாடகைக்குக் குடியேறினான். செங்கம் ரோட்டில் இராமலிங்கம் என்பவருடைய லாட்ஜில் வேலை. மோட்டார் போடுவது, பல்பு மாற்றுவது, பெட்டி தூக்குவது, எது வந்தாலும் அவன்தான். பச்சையம்மாள் அதே ரோட்டில், வெள்ளைக்காரர்கள் காரம் இல்லாமல் சாப்பிடுகிற ஒரு கடையில் காய்கறி அரிந்தாள். பௌர்ணமி தவறாமல் கண்ணாயிரம் வேலை முடித்து மலை சுற்றுவான். கல்யாணத்துக்கு முன்னால் குடித்திருக்கிறான். அவனுடைய அப்பா குடித்தே குடல் வெந்து செத்ததைப் பார்த்த அன்றைக்கு விட்டவன்தான், மறுபடி தொடவில்லை.

மாசி மாதத்துப் பௌர்ணமி. மத்தியானத்திலிருந்தே ரோட்டை அடைத்துவிட்டார்கள். லாட்ஜில் ஒரு ரூம் காலியில்லை. அந்த நேரம் பார்த்துக் கழிவுநீர்த் தொட்டி நிரம்பி, கீழ்த்தளத்துக் கக்கூசெல்லாம் பொங்கிவிட்டது. உறிஞ்சுகிற லாரிக்குப் போன் போட்டால், ரோடு திறந்தால்தான் வருவோம், நாளைக்குக் காலையில்தான் என்றார்கள். அங்கே குழாய் வேலைக்கு வந்திருந்தவர் நசீர் அகமது. அவர் எதிரிலேயே இராமலிங்கம் சொன்னார்.

"கண்ணாயிரம், கயித்த கட்டிக்கினு கொஞ்சம் எறங்கிப் பாரு. அடைப்பு எங்கன்னு தெரிஞ்சா குச்சிய விட்டுத் தள்ளிடலாம்."

"வாணாம் மொதலாளி," என்றார் நசீர் அகமது. "உள்ள விஷவாயு இருக்கும்."

"ரூம்ல இருக்கறவன்லாம் காசத் திருப்பிக் குடுன்னு நிக்கிறான் பாய். நீ வந்து பதில் சொல்றியா?"

கண்ணாயிரம் இறங்கினான். இடுப்பளவு போனவன், ஏதோ சொல்ல வாயைத் திறந்தவன், அப்படியே மடங்கினான். கயிற்றைப் பிடித்திருந்த நசீர் அகமது இழுத்துப் போட்டார். உயிர் இல்லை.

போலீஸ் வருவதற்குள் பேச்சு மாறிவிட்டது. குடித்துவிட்டு மூடியில் கால் வைத்துத் தவறி விழுந்தான் என்று இராமலிங்கம் சொன்னார். அப்படியே எழுதிக்கொண்டார்கள். நசீர் அகமது சொன்னதை யாரும் எழுதவில்லை. மறுநாள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. குடிச்சிட்டுப் பீத்தொட்டியில விழுந்தவன். சாப்பாட்டுக் கடையில் கூட வேலை செய்கிறவளே, "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான்க்கா, சொன்னா கேக்கறதில்ல," என்று ஆறுதல் சொன்னாள். செத்ததைத் தாங்கிக்கொண்ட பச்சையம்மாளால் அதைத் தாங்க முடியவில்லை.

கருமாதிக்கு அன்பரசன் வந்தான். தாலி அறுத்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை போட வேண்டும், அதைக் கூடப்பிறந்தவன்தான் போட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. வாசலில் காரும் ஆளுமாக நிற்க, எம்.எல்.ஏ. தரையில் உட்கார்ந்து கோடி போட்டு, அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதான். அந்த அழுகை பொய்யில்லை. இன்றைக்குக்கூடப் பச்சையம்மாள் அதைப் பொய் என்று சொல்வதில்லை.

"சபையில கேள்வி வெக்கறேன்க்கா," என்றான். "லாட்ஜுங்கள்ல ஆள எறக்கறது கவர்மெண்டுக்குத் தெரியுமா, எத்தினி பேர் செத்தாங்க, ஜனங்க சுகாதாரத்துக்கும் மனுச உரிமைக்கும் இன்னா பண்ணீங்கன்னு கேக்கறேன்."

"கேட்டா இன்னா சொல்லுவாங்க?"

"இல்லன்னுதான் சொல்லுவாங்க. அதுல ஒண்ணுமில்ல. அதுக்கப்புறம் நான் எழுந்து துணைக்கேள்வி கேப்பேன் பாரு, அங்கதான் விஷயம். மாமா பேரச் சொல்லி, குடிக்காத மனுசன எறக்கிக் கொன்னாங்கன்னு சொல்லுவேன். சபைக் குறிப்புல ஏறிடும். அப்புறம் எவன் அழிக்க முடியும்?"

பச்சையம்மாளுக்கு அது போதுமாக இருந்தது.

அந்த வாரமே வினோதினி என்று ஒரு வக்கீல் பெண் வந்தாள். துப்புரவுத் தொழிலாளர் சங்கத்துக்காரி. மனித உரிமை ஆணையத்துக்கு மனு போடலாம், கோர்ட்டிலும் போடலாம், பாய் சாட்சி இருக்கிறார் என்றாள். பச்சையம்மாள் தம்பியைக் கேட்டாள்.

"ஐயோ, வாணாம்க்கா. கோர்ட்டுல இருக்கற விஷயத்த, ஆணையத்துல இருக்கற விஷயத்த சபையில பேசக்கூடாது. அது சட்டம். நீ கேஸ் போட்ட அன்னிக்கே என் கேள்வி செத்துடும்."

அவன் சொன்ன சட்டம் உண்மைதான். அப்படி ஒரு விதி இருக்கிறது. வினோதினியும் இல்லையென்று சொல்லவில்லை. "ஆனா கேள்வி வருமான்னு யாருக்குத் தெரியும்மா? ஆணையத்துக்கு ஒரு வருஷத்துக்குள்ள போவணும்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு கூட்டத்தொடர் போயிற்று. எந்தக் கேள்வியை எடுப்பது என்று சீட்டுக் குலுக்குவார்கள், அந்தக் குலுக்கலில் வரவில்லை என்றான் அன்பரசன். ஆவணியில் வினோதினி மறுபடி வந்தாள். நாள் போகுதும்மா என்றாள். பச்சையம்மாள் போன் போட்டாள்.

"வர்ற நேரத்துல கெடுத்துடாதக்கா. என் மேல நம்பிக்கை இல்லையா?" என்றான் தம்பி.

பச்சையம்மாள் போனை வைத்துவிட்டு வினோதினியைப் பார்த்துப் பேசினாள். பேசக்கூடாததையெல்லாம் பேசினாள். "எங்க வீட்டு எழவுல நீங்க பேர் வாங்கணுமா? எனக்குத் தம்பி இருக்கறான். எங்க ரத்தம். நீ யாரு?" வந்தவள், முன்னால் வைத்த டீயைக் குடிக்காமல் எழுந்து போனாள்.

அடுத்த வருஷம் பங்குனியில் கேள்வி வந்தேவிட்டது. அன்பரசனின் உதவியாளரிடமிருந்து பச்சையம்மாளுக்கும் நசீர் அகமதுவுக்கும் பாஸ் வாங்கிக்கொண்டு, விடியற்காலை பஸ் பிடித்து இரண்டு பேரும் சென்னைக்குப் போனார்கள். போனை வாங்கி வைத்துக்கொண்டு, பேசக்கூடாது, கைதட்டக்கூடாது என்று சொல்லி, மாடத்தில் உட்கார வைத்தார்கள். கீழே வரிசை வரிசையாக நாற்காலிகள். பச்சையம்மாள் தம்பியின் இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அங்கே ஒரு துண்டு கிடந்தது. ஆள் இல்லை.

"வெளிய போயிருப்பாரு, வந்துடுவாரு," என்றார் நசீர் அகமது, உதடு அசையாமல்.

ஒவ்வொரு கேள்வியாக முடிந்தது. ஒருவர் பாலம் கேட்டார், ஒருவர் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் கேட்டார். பதில் வந்ததும் எழுந்து இன்னொரு கேள்வி கேட்டார்கள். தம்பி சொன்னபடிதான் எல்லாம் நடந்தது. பேரவைத் தலைவர் எண்ணைச் சொல்லி, அன்பரசன் பெயரைக் கூப்பிட்டார்.

துண்டு கிடந்தது. மறுபடி கூப்பிட்டார். அக்கம்பக்கத்து உறுப்பினர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உறுப்பினர் அவையில் இல்லை, பதில் அவை முன் வைக்கப்படுகிறது என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள். கண்ணிமைக்கிற நேரம்தான். பச்சையம்மாள் எழுந்திருக்கப் பார்த்தாள். காவலர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

அப்போது மாடத்தின் முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். வேட்டியை உதறி, கதவுப் பக்கம் திரும்பினார். இராமலிங்கம். இவர்களைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

"இவருக்கு யாரு பாஸ் குடுத்தது?" என்றாள் பச்சையம்மாள், பேசக்கூடாது என்பதை மறந்து.

நசீர் அகமது கீழே நாற்காலியில் கிடந்த துண்டைப் பார்த்தார். எம்.எல்.ஏ. சொல்லாமல் பாஸ் கிடைக்காது என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

கொஞ்ச நேரத்தில் அன்பரசன் உள்ளே வந்தான். ஓடி வரவில்லை. கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

சபை கலைந்ததும் வாசலில் பிடித்தார்கள்.

"ஒரு அவசரப் போன்க்கா. தொகுதி விஷயம். அதனால ஒண்ணும் கொறைஞ்சு போவல. பதில் மேசையில வெச்சுட்டாங்க. அதுவும் குறிப்புதான்."

"பதில்ல இன்னா இருக்குது?"

"அப்படி எதுவும் கவனத்துக்கு வரலன்னு போட்டிருக்கான்."

"இல்லன்னுதான் சொல்லுவான், அதுல ஒண்ணுமில்ல, எழுந்து கேக்கறதுலதான் விஷயம் இருக்குன்னு நீதானடா சொன்ன?"

"பப்ளிக்ல டா போட்டுப் பேசாதக்கா. சாப்ட்டீங்களா? பாய், அக்காவக் கூட்டிக்கினு போய் நம்ம கார்ல உக்காருங்க, ஊர்ல எறக்கி விடச் சொல்றேன்."

"பஸ்ஸுல வந்தோம், பஸ்ஸுலயே போறோம் சார்," என்றார் நசீர் அகமது. அவர் அன்பரசனைச் சார் என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

பஸ்ஸில் பச்சையம்மாள் காசைத்தான் நினைத்தாள். லாட்ஜ்காரர் தம்பிக்கு எவ்வளவு கொடுத்திருப்பார்? அரசியல்காரன், தேர்தல் செலவு இருக்கும், வாங்கியிருப்பான். காசுக்குத்தான் விற்றான் என்றால் திட்டிவிட்டு ஒரு நாள் மன்னிக்கலாம் என்றுகூட அவள் மனசு கணக்குப் போட்டது. ரத்தம் அப்படித்தான் இடம் கொடுக்கும்.

சித்திரையில் ராணியம்மாள் வந்தாள். எழுபதைத் தாண்டியவள், ஆட்டோ பிடித்து, தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அன்பரசன் மகனுக்கு நிச்சயம்.

"நீ பையனுக்கு அத்தைடி. நீ வராம இருந்தா நாலு பேரு நாலு விதமா கேப்பாங்க. சபையில எதுவும் எடுத்துத் தர வாணாம், பின்னால நின்னா போதும்."

"பொண்ணு எந்த ஊரு சித்தி?"

ராணியம்மாள் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

"உள்ளூருதான். செங்கம் ரோட்டு லாட்ஜ்காரரு பொண்ணு."

பச்சையம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அடுப்பில் வைத்த உலை பொங்கி வழிந்தது. எழுந்து போய் இறக்கத் தோன்றவில்லை.

"எப்ப பேசி முடிச்சீங்க?"

"போன ஆனியிலயே. பொண்ணு படிப்பு முடியட்டும்னு வெச்சிருந்தோம். கோச்சுக்காதடி. போன உசுரு வரப் போவுதா? இருக்கற புள்ளைங்களாவது நல்லா இருக்கட்டும்."

ஆனி. வினோதினியைத் துரத்தியது ஆவணி. என் மேல நம்பிக்கை இல்லையா என்று தம்பி கேட்டபோது, அவனுக்கும் இராமலிங்கத்துக்கும் சம்பந்தி உறவு கைகூடி இரண்டு மாசம் ஆகியிருக்கிறது. கேள்வியை அவன் தள்ளி வைக்கவில்லை. அக்காவைத்தான் பிடித்து வைத்திருந்தான், ஆணையத்துக்குப் போகிற வருஷம் கழிகிற வரைக்கும்.

"சித்தி, தட்ட எடுத்துக்கினு போங்க," என்றாள். ஆட்டோ திரும்புகிற வரை வாசலில் நின்று வழியனுப்பினாள். வளர்த்த முறை அது.

மறுநாள் காலை நசீர் அகமதுவைக் கூட்டிக்கொண்டு வினோதினி ஆபீசுக்குப் போனாள். உள்ளே போகக் கால் வரவில்லை. அந்தப் பெண்தான் வெளியே வந்தாள்.

"அன்னிக்கு நான் பேசினத..."

"உள்ள வாங்கம்மா. வெயில்ல இன்னாத்துக்கு நிக்கிறீங்க?"

ஆணையத்துக்குப் போகிற காலம் போய்விட்டது என்றாள் வினோதினி. ஆனால் ஆளைச் சாகவிட்ட குற்றத்துக்குக் கோர்ட்டில் இன்னும் வழி இருக்கிறது, பாய் சாட்சி சொன்னால் நிற்கும், ஆனால் இழுக்கும் என்றாள்.

"இழுக்கட்டும்," என்றாள் பச்சையம்மாள். "அவரு குடிக்கலன்னு மொதல்ல எழுதும்மா. மத்ததெல்லாம் அதுக்குக் கீழ எழுது."

இராமலிங்கத்துக்குச் சம்மன் போன அன்று அன்பரசன் போன் செய்தான். அதட்டவில்லை. குரலை இறக்கிக்கொண்டு பேசினான்.

"இன்னாக்கா இப்படிப் பண்ணிட்ட? இந்தத் தொடர்ல மறுபடியும் எடுக்கலாம்னு இருந்தேன். கேஸ் போட்டுட்டியே, இனிமே நான் சபையில வாயத் தொறக்க முடியாதே."

"இத்தினி நாளு காரணம் இல்லாம வாய மூடிக்கினு இருந்த. இப்ப சட்டமே காரணம் குடுத்திருக்குது, நிம்மதியா இரு."



"அக்கா..." என்றான்.

"அக்கான்னு கூப்புடாத," என்றாள். "கண்ணாயிரம் பொண்டாட்டி பச்சையம்மாள்னு கூப்புடு. கோர்ட்டுல அப்படித்தான் கூப்புடறாங்க."