அலுமாரிக்குப் பின்னால் ஒரு மிளகாய்க் கன்று

எண்பதுகளின் பின்பாதியில் லண்டன் பிளேஸ்டோவில் எங்களுக்கு ஒரு அறைதான், அதற்கு ஒரு ஜன்னல்தான். செத்தல் மிளகாயிலிருந்து உதிர்ந்த விதையை விளையாட்டாக ஒரு பெயின்ற் வாளியில் போட்டிருந்தேன். முளைத்த கன்று கோடையில் பின்வளவில் நின்று காய்த்துத் தள்ளியது. குளிர் தொடங்க உள்ளே தூக்கிவந்து, மேல்மாடியில் இருந்த அக்காவிடம் இரவல் வாங்கிய கதிரையில் ஏற்றி ஜன்னலோடு வைத்தேன்.

என் கணவர் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட். பகலெல்லாம் தூங்குவார். நான் கட்டில் ஓரத்தில் இருந்து கன்றையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஹீட்டர் சூட்டில் கண்ணாடி வேர்த்து வழியும். தெரு கரைந்துபோய், வெள்ளை வெளிச்சமும் பச்சை இலைகளும் மட்டும் மிஞ்சும். விழித்திருக்கிறேனா, கனவு காண்கிறேனா என்று எனக்கே பிடிபடாது. பேச ஆளில்லாமல் ஒருநாள் கன்றிடமே வாய்விட்டுச் சொன்னேன்.

"நீ பட்டுப்போனா நான் மெட்ராசுக்கு என்ர சொந்த அக்காவிட்டப் போயிடுவன். என்னால இஞ்ச இருக்க ஏலாது."

அவர் போர்வைக்குள் அசையாமல் கிடந்தார்.

சில நாள் கழித்து மேல்மாடி அக்கா கதிரையைத் திருப்பிக் கேட்டு வந்தார். "அட, இந்தக் குளிருக்கயும் என்ன செழிப்பா நிக்குது!" என்று கன்னத்தில் கைவைத்தார். அவர் கதிரையோடு போனதும் என் கணவர் வாளியைத் தூக்கி அலுமாரிக்குப் பின்னால் வைத்தார். "ஜன்னலால குளிர் அடிக்குது. அங்க இருக்கட்டும்." மனுஷனுக்கு ஏதோ தெரியும் என்று நானும் நம்பித் தொலைத்தேன்.

தை மாதத்துக்குள் இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டி வெறும் குச்சிதான் நின்றது. நான் கட்டிலுக்கு அடியில் கிடந்த அட்டைச் சூட்கேசை இழுத்துத் தூசி தட்டினேன்.

அதைக் கண்டதும் அவருக்கு முகம் வெளிறிவிட்டது. "அந்த அக்கா பாத்த பார்வையில கண்ணூறு பட்டிடுமெண்டுதான் ஒளிச்சு வச்சனான்."

கோயிலுக்குப் போனால் உள்ளே வராமல் வெளியே நின்று சிகரெட் பிடிக்கிற மனிதர்! சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் முந்தியது.

"வெளிச்சமில்லாம கண்டு எப்பிடி இருக்கும்? மூளை இருக்கோ உங்களுக்கு? ஒரு மிளகாய்க் கண்டுக்கு இவ்வளவு பயமோ?"

"கண்டுக்கில்லை. நீர் போயிடுவீரெண்டு."

அப்படியென்றால் அன்று நான் கன்றிடம் சொன்னபோது அவர் தூங்கவில்லை. இத்தனை நாளும் அதை மனதுக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்திருக்கிறார்.

குச்சியை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். தோலுக்குக் கீழே பச்சை இருந்தது. வெளிச்சத்துக்கு உயர்த்தி வைக்கக் கதிரை இல்லை. ஜன்னலோரம் சூட்கேசைப் படுக்கவைத்து, அதன்மேல் வாளியை ஏற்றினேன்.

பங்குனியில் கணுவில் சின்னதாகத் துளிர் விட்டது. அவரைத் தட்டி எழுப்பிக் காட்டினேன். வாளியின் ஈரத்தில் ஊறி சூட்கேசின் மூடி அதற்குள் உப்பிப்போயிருந்தது. பிறகு அதைப் பூட்டவே முடியவில்லை.