செத்தல் மிளகாய் வறுத்த நாள்

பாம்பின் வயிறு வெந்தது என்னால்தான். என் மகளால் அல்ல.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். நேற்று அந்தப் பாம்பு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது! அந்தச் சந்தோஷத்தில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தச் சந்தோஷமே என்னைக் கொல்லவும் செய்கிறது.

பாம்பின் பெயர் முறுக்கு. சிரிக்காதீர்கள். சுருண்டு படுத்தால் அது முறுக்கேதான். நஞ்சில்லாத சிறிய மலைப்பாம்பு. மகள் ஷெரின் பல்கலைக்கழகம் போகத் தொடங்கிய ஆண்டு அதை, நாங்கள் குடியேறிய மல்வேர்னில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். “ஏவாளை ஏமாத்தின சாதி இந்த வீட்டுக்குள்ள கால் வைக்காது” என்று நான் குதித்தேன். “அம்மா, அதுக்குக் கால் இல்லை” என்றாள் அவள்.

கொஞ்ச நாளில் என் மனம் மாறிவிட்டது. இதுவும் ஒரு ஒப்புதல்தான். வீட்டில் ஆள் இல்லாத வேளைகளில் பேஸ்மெண்டுக்கு இறங்கி, கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நாற்காலி போட்டு, அதனோடு ஊர்க்கதை பேசுவேன். ஷெரினுக்கு மட்டும் முகத்தைச் சுளித்துக் காட்டுவேன். எதற்காக அந்த நடிப்பு? எனக்கே தெரியாது.

பெட்டியின் ஒரு பக்கத்து அடியில், கண்ணாடிக்கு வெளியே, சூடு கொடுக்கும் ஒரு ஹீட் மேட் ஒட்டியிருந்தது. இந்த ஊர்க் குளிரில் அது இல்லாமல் பாம்பு சீவிக்காது. ஆனால் அந்த மேட்டுக்குத் தானாக நிற்கத் தெரியாது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டிலிருந்து வரும் மெல்லிய வயரின் நுனி பெட்டிக்குள் சூடான மூலையில் கிடந்து வெப்பத்தை அளந்து, போதும் என்றால்தான் மேட் நிற்கும். இதெல்லாம் இன்று எனக்குத் தலைகீழ்ப் பாடம். அன்று தெரியாது... தெரிந்துகொள்ளவும் முயலவில்லை.

அன்று நான் கறித்தூளுக்குச் செத்தல் மிளகாய் வறுத்தேன்.

எங்கள் சனத்தின் வீடுகளில் இரண்டாவது அடுப்பு எங்கே இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே? பேஸ்மெண்டில். மேலே வறுத்தால் மாட்டியிருக்கும் ஜாக்கெட்டெல்லாம் மாதக்கணக்கில் மணக்கும். கடைத்தூளோ எனக்குப் பிடிக்காது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கமறலில் புகை அலாரம் அலறிவிடும் என்று யன்னலைத் திறந்தேன். யன்னலுக்குக் கீழேதான் முறுக்கின் பெட்டி.

ஐயோ, பிள்ளைக்கு மூச்சு முட்டுமே என்று பதறினேன். ஒரு ஈரத் துவாயை எடுத்துப் பெட்டியின் மூடியில் போர்த்தினேன். மூடி ஒழுங்காக மூடவில்லை. வயர் இடைஞ்சலாக இருந்தது. அதை இழுத்து வெளியே எடுத்து யன்னல் விளிம்பில் வைத்தேன். பிறகு மல்லி, சீரகம், அரைப்பு... சுத்தமாக மறந்துபோனேன்.

என்ன நடந்தது என்று விளங்குகிறதா? அந்த நுனி யன்னலில் கிடந்து பனிக்காற்றை அளந்துகொண்டிருந்தது. இன்னும் குளிர், இன்னும் குளிர் என்று அது சொல்லச் சொல்ல, மேட் ஓயாமல் எரிந்தது. மேலே என் துவாய் வேறு!

பின்னேரம் நினைவு வந்து ஓடிப்போய்க் கையை உள்ளே விட்டேன். கண்ணாடித் தரை தோசைக்கல்லாகக் கொதித்தது. முறுக்கு அதன் மேலேயே படுத்திருந்தது. விலகிப் போயிருக்கக்கூடாதா? சுட்டால் விலகத் தெரியாத சீவன் அது என்று பின்னர்தான் அறிந்தேன். தூக்கிக் குளிர்ந்த பக்கம் வைத்தேன். முதுகில் ஒன்றும் தெரியவில்லை. வயிற்றைத் திருப்பிப் பார்க்கத் துணிவில்லை. வயரை உள்ளே வைத்தேன், துவாயை எடுத்தேன், யன்னலைச் சாத்தினேன். ஷெரின் வந்தபோது நான் மேலே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து அவள்தான் வயிற்றைப் பார்த்தாள். சிவந்து, கொப்புளித்து... அவள் அழுத சத்தம் இன்னும் காதில் கிடக்கிறது.

மிருக வைத்தியரிடம் நானும் போனேன். உடனே கொண்டுவந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்றார் அவர். வெப்பம் அளக்கும் வயரை யார் கையாள்கிறீர்கள் என்று கேட்டார்.

“நான்தான்” என்றாள் ஷெரின். “டேப் போட்டு ஒட்டாமல் விட்டிட்டன். வழுகியிருக்கும். அம்மா உதில கையே வைக்கமாட்டா.”

எனக்காகச் சாட்சி சொன்னாள்! நான் பக்கத்தில் அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல் போதுமாயிருந்தது. சொன்னேனா?

ஒவ்வொரு நாளும் புண்ணுக்கு மருந்து பூசினாள். புண் ஆறி வடு நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, “நான் அதுக்கு சேஃப் இல்லை அம்மா” என்று சொல்லி, பிக்கரிங்கில் இருக்கும் தோழியிடம் அதைக் கொடுத்துவிட்டாள். மிருக வைத்தியம் படிக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், அந்தப் பேச்சையும் விட்டாள். நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபம், புறணி எல்லாம் சொன்னேன். பாம்பைச் சொல்லவில்லை. சாமியார் சிரித்துவிடுவார் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

இப்போது தோழி வேறு ஊருக்குப் போகிறாள். முறுக்கை எடுக்கிறீர்களா என்று கேட்டதும், ஷெரின் வாய் திறக்குமுன் நான் “ஓம், ஓம்” என்று கத்திவிட்டேன்! ஒரு கிழமையாக எனக்குக் கால் தரையில் படவில்லை. புதுப் பெட்டி, புது மேட், புதுத் தெர்மோஸ்டாட். மேட் தரையின் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும். மற்றப் பக்கம் குளிர்ச்சி. சூட்டைச் சரிபார்க்கத் தனியாக ஒரு வெப்பமானி. பாம்பு வருமுன்னரே பெட்டியை முழுநாள் ஓடவிட்டு, மணிக்கு மணி பார்த்தேன். அடுப்பையும் கராஜுக்கு மாற்றிவிட்டேன். ஷெரின் வாய்பிளந்து பார்த்தாள்.

நேற்று முறுக்கு வந்தது. என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. உண்மையைச் சொல்ல இதுதான் நேரம் என்று நினைத்தேன். வயரையும் டேப்பையும் ஷெரினிடம் நீட்டினேன்.

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“வேண்டாம் அம்மா. நான் ஒட்டினால் திரும்பவும் எரிச்சுப்போடுவன். உங்கட கையைத்தான் நம்புறன். நீங்களே ஒட்டுங்கோ.”

வாய் திறந்தேன்... உங்களிடம் முதல் வரியில் சொன்னதைத்தான் சொல்ல வந்தேன்.

“சரி, பெட்டியைப் பிடி” என்றேன்.

பெட்டியைப் பிடித்தாள். நான் வயரை ஒட்டினேன். ஒட்டி முடிக்கும்வரை அவள் மூச்சை அடக்கிக்கொண்டு என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.